ஆங்கிலத்தில் சரியான பிரதிப்பெயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: சொல்லின் பொருளிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் வடிவத்தை மட்டும் பார்த்து அதற்குரிய பிரதிப்பெயரைச் சொல்லிவிட முடியாது. இந்தியிலும் பிரெஞ்சிலும் மேசைக்கும் புத்தகத்துக்கும்கூட இலக்கணம் ஒரு பாலை ஒதுக்கி வைத்திருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் அத்தகைய ஒதுக்கீடு கிடையாது. அந்த வாக்கியத்தில் அச்சொல் எதைக் குறிக்கிறது என்பதுதான் ‘ஹீ’, ‘ஷீ’, ‘இட்’, ‘தே’ ஆகியவற்றில் எது வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தமிழும் பொருளை வைத்தே திணையும் பாலும் வகுக்கும் மொழி என்பதால் இது நமக்கு எளிதாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் இரு மொழிகளும் கோடு கிழிக்கும் இடங்கள் ஒன்றல்ல, புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுவதும் அந்த இடங்களில்தான். மாணவர்களின் கட்டுரைகளையும் அலுவலகக் கடிதங்களையும் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கண்ட பிழைகளை வைத்தே கீழுள்ள படிகளின் வரிசையை அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது, ஏனெனில் ஒரு படிக்குக் கிடைக்கும் விடையின் மேல்தான் அடுத்த படியின் கேள்வி நிற்கிறது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

முதலாவது தேவை, பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா எண்ணத்தகாததா என்று குறித்துக் காட்டும் கற்போர் அகராதி. ஆங்கிலம்-தமிழ் அகராதிகளில் பெரும்பாலும் இக்குறிப்பு இருக்காது, ஆகவே அவை இந்த வேலைக்கு உதவா. இரண்டாவதாக, எழுதப்போவது பிரிட்டிஷ் வழக்கிலா அமெரிக்க வழக்கிலா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஐந்தாம் படியில் இந்த முடிவு இல்லாமல் நகர முடியாது.

மூன்றாவது ஒரு பழக்கம். பிரதிப்பெயரை எழுதுவதற்கு முன், அது எந்தச் சொல்லுக்குப் பதிலாக வருகிறதோ அச்சொல்லை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியாவிட்டால் எந்தப் பிரதிப்பெயரைப் போட்டாலும் வாக்கியம் தெளியாது. அங்கே பெயரையே எழுதிவிட வேண்டும்.

2. முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள்

ஆணா பெண்ணா, உயிருள்ளதா அற்றதா என்ற கேள்விகளுக்குப் போகும் முன் ‘ஒன்றா, பலவா, அளவா’ என்று கேட்க வேண்டும். நம்மவர்களின் எழுத்தில் மிகுதியாக வரும் பிழை இங்கேதான் பிறக்கிறது. ‘மூணு புத்தகம் வாங்கினேன், நல்லா இருந்தது’ என்று பேச்சில் சொல்கிறோம். அஃறிணைக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை என்பதால் காதுக்கு அது உறுத்துவதில்லை. அதே பழக்கத்தில் ‘ஐ பாட் த்ரீ புக்ஸ். இட் வாஸ் குட்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் உயிரற்ற பொருளானாலும் ஒன்றுக்கு மேற்பட்டால் ‘தே’, ‘தெம்’ என்றே வர வேண்டும்.

அடுத்து வருவன அளவைக் குறிக்கும் சொற்கள். ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘எக்விப்மென்ட்’ ஆகியவற்றை ஆங்கிலம் தண்ணீரைப் போலப் பிரிவில்லாத ஒரே திரளாகக் கருதுகிறது. அறையில் நான்கு நாற்காலியும் இரண்டு மேசையும் கிடந்தாலும் ‘ஃபர்னிச்சர்’ என்று சொல்லிவிட்டால் பிறகு ‘இட்’தான். அதே பொருள்களை ‘சேர்ஸ்’ என்று சொல்லியிருந்தால் ‘தே’. கண்முன் இருக்கும் பொருள் ஒன்றே என்றாலும், எந்தச் சொல்லால் அதைக் குறித்தோம் என்பதைப் பொறுத்துப் பிரதிப்பெயர் மாறுகிறது.

வடிவம் ஏமாற்றும் சொற்களும் உண்டு. ‘நியூஸ்’, ‘மேத்தமேட்டிக்ஸ்’ இரண்டும் ‘ஸ்’ என முடிந்தாலும் ‘இட்’ ஏற்பவை. ‘சிஸர்ஸ்’, ‘ட்ரவுசர்ஸ்’, கண்ணாடியைக் குறிக்கும் ‘கிளாசஸ்’ ஆகியவை ஒற்றைப் பொருளாயினும் ‘தே’ ஏற்பவை. இரு பாகங்கள் இணைந்த பொருளாக அவற்றை ஆங்கிலம் பார்ப்பதே காரணம். தொகையும் தூரமும் இதற்கு எதிர்: ‘ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்’ என்பது வடிவில் பன்மையாயினும் ஒரே தொகையாக எண்ணப்படும்போது ‘இட்’ அல்லது ‘தட்’ என்றே சுட்டப்படும்.

3. ஆளா, ஆள் அல்லாததா

ஒருமை என்று உறுதியானபின் கேட்க வேண்டியது இது. மனிதர் என்றால் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’, மற்றவை ‘இட்’. விதி எளிது, ஆனால் இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும்.

முதலாவது குழந்தை. ‘குழந்தை அழுகிறது’ என்பது நமக்கு இயல்பான வாக்கியம், அதில் அவமதிப்பு ஏதுமில்லை. ஆங்கிலத்திலும் பொதுவாகப் பேசும்போது, பாலினம் தெரியாத அல்லது தேவைப்படாத இடத்தில், ‘பேபி’க்கு ‘இட்’ வரலாம். மருத்துவக் குறிப்புகளில் அது வழக்கம்தான். ஆனால் ஒருவரிடம் அவருடைய சொந்தக் குழந்தையைப் பற்றி எழுதும்போது ‘இட்’ என்றால் அவர் மனம் புண்படும். பெற்றோருக்கு எழுதும் பள்ளிக் கடிதங்களில் இந்தப் பிழை வரவே கூடாது. பாலினம் தெரியாவிட்டால் ‘யுவர் பேபி’ என்ற சொல்லையே மீண்டும் எழுதுங்கள்.

இரண்டாவது விலங்கு. பொதுவாக ‘இட்’ போதும். ‘கவ்’, ‘ஹென்’ போன்ற பாலினம் உணர்த்தும் சொற்களுக்குக்கூட ‘இட்ஸ்’ தவறில்லை. பெயரிட்டு வளர்த்த விலங்கு என்றாலோ, தனித்த ஒரு விலங்கின் வாழ்வைப் பற்றிப் பேசுகிறோம் என்றாலோ ‘ஹீ’ அல்லது ‘ஷீ’ வரும். ரணதம்போர்க் காட்டின் புகழ்பெற்ற பெண்புலி மச்லி 2016இல் இறந்தபோது வந்த ஆங்கிலச் செய்திகள் அதை ‘ஷீ’ என்றே குறிப்பிட்டன. புலிகளின் எண்ணிக்கையைப் பற்றிய பொது அறிக்கை ஒன்றில் ‘எ டைகர்’ என்ற சொல்லுக்கு அந்த எழுத்தாளர்களே ‘இட்’ போட்டிருப்பார்கள். உயிரினத்தின் இயல்பைவிட, எழுதுகிறவர் அதை எவ்வளவு நெருக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் என்பதே இங்கே முடிவு செய்கிறது. ஒரே பத்தியில் ‘ஷீ’யிலிருந்து ‘இட்’டுக்குத் தாவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பலையும் நாட்டையும் ‘ஷீ’ என்று எழுதும் பழைய வழக்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் அதை அலுவல் எழுத்திலும் கொண்டுவருகிறார்கள். கப்பல் துறையின் பழம்பெரும் இதழான லாயிட்ஸ் லிஸ்ட்டே 2002இல் கப்பலுக்கு ‘இட்’ என்று மாறிவிட்டது. கடற்படையினரின் பேச்சில் ‘ஷீ’ இன்னும் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் ‘இந்தியா அண்ட் இட்ஸ் பீப்பிள்’ என்றே எழுதுங்கள்.

4. ஆண், பெண், தெரியாதவர்

‘ஆன்ட்’, ‘விடோ’, ‘நெஃப்யூ’ போன்ற சொற்கள் பாலினத்தைத் தம் பொருளிலேயே சுமக்கின்றன. அவற்றில் தவறு நேர வாய்ப்பில்லை. ‘டாக்டர்’, ‘ஜட்ஜ்’, ‘நெய்பர்’, ‘கஸின்’ போன்றவை சுமப்பதில்லை. தமிழில் ‘டாக்டர் வந்தார், அவர் சொன்னார்’ என்று மரியாதைப் பன்மையிலேயே பத்தி முழுவதையும் ஓட்டிவிடலாம், அவர் ஆணா பெண்ணா என்பது கடைசிவரை தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இரண்டாம் வாக்கியத்திலேயே அந்தத் தகவல் தேவைப்படுகிறது. தகவலைத் தேடாமல் ‘ஹீ’ என்று எழுதிவிடுவதுதான் இங்கே வழக்கமான பிழை, பெண் நீதிபதியைப் பற்றிய செய்தியிலும் அது நுழைந்துவிடுகிறது. எழுதத் தொடங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘கஸின்’ என்பதில் பாலினம் இல்லையே என்ற தவிப்பில்தான் ‘கஸின் பிரதர்’, ‘கஸின் சிஸ்டர்’ என்று எழுதுகிறோம். ‘மை கஸின் லிவ்ஸ் இன் மதுரை. ஷீ டீச்சஸ் மேத்ஸ்’ என்று எழுதினால் போதும். விடுபட்ட தகவலை ‘ஷீ’ தந்துவிடுகிறது.

மரியாதைக்குரிய ஒருவரை ‘தே’ என்று குறிப்பிடுவதும் ‘அவங்க’ என்ற பேச்சுவழக்கின் தாக்கமே. அம்மாவைப் பற்றி ‘தே ஆர் கமிங்’ என்றால் ஆங்கில வாசகர் பலர் வருவதாகவே புரிந்துகொள்வார். ஆங்கிலப் பிரதிப்பெயரில் மரியாதைக்கு இடமில்லை. அதை ‘மிஸ்டர்’, ‘டாக்டர்’ போன்ற அடைமொழிகளில் காட்ட வேண்டும். தம்மை ‘தே’ என்றே குறிப்பிட வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது வேறு. அங்கே ஒருவருக்கே ‘தே ஆர்’ என்று எழுதுவது இன்று நிலைபெற்றுவிட்ட வழக்கம்.

5. கூட்டத்தைக் குறிக்கும் சொற்கள்

‘கமிட்டி’, ‘டீம்’, ‘ஃபேமிலி’, ‘கவர்ன்மென்ட்’, ‘ஜூரி’ ஆகியவை ஒரே நேரத்தில் ஓர் அமைப்பையும் அதிலுள்ள ஆட்களையும் குறிக்க வல்லவை. இந்த வாக்கியத்தில் இரண்டில் எது பேசப்படுகிறது என்பதை அருகிலுள்ள வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். உருவாக்கப்படுவதும் கலைக்கப்படுவதும் ஐந்து உறுப்பினர்களைக் கொண்டிருப்பதும் அமைப்பு மட்டுமே செய்யக்கூடியவை, ஆகவே ‘இட்’. தங்களுக்குள் வாதிடுவதும் இருக்கைகளில் அமர்வதும் வீடு திரும்புவதும் ஆட்கள் செய்பவை, ஆகவே ‘தே’. ‘தி கமிட்டி வாஸ் டிஸால்வ்ட் பிஃபோர் இட் குட் மீட்’ என்பதிலும் ‘தி கமிட்டி ஆர் ஆர்க்யூயிங் அமங் தெம்செல்வ்ஸ்’ என்பதிலும் சொல் ஒன்றே, பொருள் இரண்டு.

இவற்றுள் இரண்டாவது வகை பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்க எழுத்தில் ‘தி கமிட்டி’ பெரும்பாலும் ஒருமையாகவே நிற்கும். ஆட்களைச் சொல்ல வேண்டுமானால் ‘கமிட்டி மெம்பர்ஸ்’ என்று எழுதிவிட்டுப் பிறகு ‘தே’ போடுவார்கள். எந்த வழக்கில் எழுதினாலும் ‘மெம்பர்ஸ்’ சேர்ப்பது பாதுகாப்பானது என்பதால் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

கிரிக்கெட் செய்திகளை வாசிப்பவர்கள் இந்த வேறுபாட்டை நாள்தோறும் பார்க்கலாம். ‘இந்தியா ஹேவ் வன் தி டாஸ் அண்ட் தே வில் பேட்’ என்று எழுதும் அதே நாளிதழ், பொருளாதாரப் பக்கத்தில் ‘இந்தியா ஹேஸ் ரெய்ஸ்ட் இட்ஸ் டியூட்டி’ என்று எழுதும். முதல் வாக்கியத்தில் இந்தியா பதினொரு ஆட்டக்காரர்கள், இரண்டாவதில் ஓர் அரசு. நாட்டின் பெயரும் எழுத்துகளும் மாறவில்லை, மாறியது குறிக்கப்படும் பொருள் மட்டுமே.

தேர்வுக்கு இடம் தராத சொற்களும் சில உண்டு. ‘போலீஸ்’, ‘பீப்பிள்’, ‘கேட்டில்’ மூன்றும் எப்போதும் பன்மை. காவல்துறை என்ற ஒருமையை மனத்தில் வைத்துக்கொண்டு ‘தி போலீஸ் ஹேஸ் ஃபைல்ட் இட்ஸ் ரிப்போர்ட்’ என்று எழுதுகிறார்கள். ‘ஹேவ்’, ‘தேர்’ என்றே வர வேண்டும். ஒருமைதான் வேண்டுமென்றால் ‘தி போலீஸ் டிபார்ட்மென்ட்’ என்று தொடங்குங்கள்.

வினை ஒருமையாகவும் பிரதிப்பெயர் பன்மையாகவும் ஒரே வாக்கியத்தில் கலப்பது, அதாவது ‘தி போர்டு ஹேஸ் சேஞ்ச்ட் தேர் பாலிசி’ போன்ற அமைப்பு, பேச்சில் ஆங்கிலேயரிடமும் கேட்கக் கிடைக்கும். முறையான எழுத்தில் அதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் ஓர் அமைப்பாகத் தொடங்கிய சொல்லை வாசகர் பாதி வழியில் ஆட்களாக மாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது.

6. ‘எவ்ரிஒன்’, ‘சம்படி’, ‘எனிஒன்’

வினைக்கு இவை ஒருமை: ‘எவ்ரிஒன் இஸ் ஹியர்’. பொருளில் ‘எவ்ரிஒன்’ பலரைக் குறிக்கிறது. ‘சம்படி’யோ பாலினம் தெரியாத ஒருவரைக் குறிக்கிறது. அதனால் பிரதிப்பெயராக ‘தே’யும் ‘தேர்’உம் வருகின்றன: ‘சம்படி ஹேஸ் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா’. பழைய இலக்கண நூல்கள் ‘ஹிஸ்’ என்று கற்பித்தன, இன்றும் சில ஆசிரியர்கள் அதையே வற்புறுத்துகிறார்கள். பொருளை மறந்து இலக்கண ஒருமையை மட்டும் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ‘எவ்ரிஒன் கிளாப்ட், அண்ட் தென் ஹீ லெஃப்ட்’ என்ற வாக்கியம் போதும். கைதட்டியவர்கள் அங்கேயே இருக்க, வேறு ஓர் ஆண் வெளியேறியதாக அல்லவா அது சொல்கிறது!

அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு 2019இல் வந்த தன் ஏழாம் பதிப்பில் இந்த ஒருமை ‘தே’யை ஏற்றுக்கொண்டது. உங்கள் தேர்வாளரோ பதிப்பாளரோ இதை ஏற்கவில்லையென்றால் ‘ஹிஸ் ஆர் ஹெர்’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் அடுக்காமல், எழுவாயையே ‘ஆல் ஸ்டூடன்ட்ஸ்’ என்று பன்மையாக்கிவிடுங்கள்.

7. அதே பொருளா, அந்த வகையில் ஒன்றா

‘ஐ லாஸ்ட் மை பென். ஐ மஸ்ட் பை இட்’ என்று ஒருவர் எழுதினால், தொலைந்த அதே பேனாவை யாரிடமிருந்தோ விலைக்கு வாங்கப்போகிறார் என்று பொருள்படும். சொல்ல நினைத்தது ‘ஐ மஸ்ட் பை ஒன்’. முன்பு சொன்ன அதே பொருள் என்றால் ‘இட்’. அந்த வகையில் ஏதோ ஒன்று என்றால் ‘ஒன்’. தமிழில் ‘வாங்க வேண்டும்’ என்று சொல்லிச் செயப்படுபொருளை விட்டுவிடலாம் என்பதால் இந்தக் கேள்வி நம் மனத்தில் எழுவதேயில்லை. ஆங்கிலம் அந்த இடத்தைக் காலியாக விடாது. நிரப்பும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படியின் விடை இங்கே மீண்டும் தேவைப்படும். ‘ஒன்’ எண்ணத்தக்க ஒன்றுக்கு மட்டுமே வரும். அரிசி தீர்ந்துவிட்டால் ‘ஐ வில் பை ஒன்’ என்று சொல்ல முடியாது, ‘சம்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

8. ஆளைக் குறிக்காமல் தன்மையைக் குறிக்கும்போது

நன்றாக ஆங்கிலம் அறிந்தவர்களையும் தயங்க வைக்கும் படி இது. ‘ஹிஸ் ஃபாதர் இஸ் எ டாக்டர், அண்ட் ஹீ வாண்ட்ஸ் டு பி ஒன் டூ’ என்ற வாக்கியத்தில் ‘டாக்டர்’ மனிதரைக் குறிக்கும் சொல்தான். இருந்தும் ‘டு பி ஹிம்’ என்று எழுத முடியாது. எழுதினால் மகன் தன் தந்தையாகவே மாற விரும்புகிறான் என்றாகிவிடும். இங்கே அச்சொல் ஓர் ஆளைச் சுட்டவில்லை, மருத்துவராக இருத்தல் என்ற நிலையைச் சுட்டுகிறது.

இதே காரணத்தால்தான் ‘ஷீ இஸ் எ டாக்டர், விச் ஹெர் பிரதர் இஸ் நாட்’ என்பது சரியான ஆங்கிலமாகிறது. ‘டாக்டர்’ மனிதர்தானே என்று ‘விச்’சை ‘ஹூ’வாகத் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திருத்தும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்தச் சொல் கைநீட்டிக் காட்டக்கூடிய ஓர் ஆளைச் சுட்டுகிறதா, அல்லது அது ஒருவரைப் பற்றிச் சொல்லப்பட்ட செய்தியா? செய்தி என்றால் ‘விச்’ அப்படியே இருக்கட்டும்.

9. யாரென்று அடையாளம் காட்டும்போது

கதவு தட்டப்படுகிறது. ‘ஹூ இஸ் இட்?’ என்று கேட்கிறார்கள், ‘இட்ஸ் கமலா’ என்று பதில் வருகிறது. மனிதருக்கு ‘இட்’ வருவது நம் காதுக்கு மரியாதைக் குறைவாகப் படுவதால் ‘ஷீ இஸ் கமலா’ என்று மாற்றிவிடுகிறோம். இங்கே ‘இட்’ அந்த ஆளைக் குறைத்துச் சொல்வதில்லை. இன்னும் அடையாளம் தெரியாத நிலையைச் சுட்டுகிறது. பெயர் வெளிவந்தவுடன் ‘ஷீ’க்கு மாற வேண்டும்: ‘இட்ஸ் கமலா. ஷீ ஹேஸ் பிராட் தி கீஸ்’. தொலைபேசியில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்பவர் ‘திஸ் இஸ்’ என்று தொடங்குவதும் இவ்வகையே.

10. ‘ஹூ’, ‘விச்’, ‘ஹூஸ்’

முந்தைய படிகளை முடித்தவருக்கு இதில் புதிதாக அதிகமில்லை. ஆளுக்கு ‘ஹூ’, மற்றவற்றுக்கு ‘விச்’ அல்லது ‘தட்’. ‘இட்’ என்று முடிவான கூட்டத்துக்கு ‘விச்’, ‘தே’ என்று முடிவான கூட்டத்துக்கு ‘ஹூ’. ‘ஹூஸ்’ மட்டும் விலக்கு: அது உயிரற்றவற்றுக்கும் வரும், ‘எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்’ என்பதில் பிழையே இல்லை.

கேள்வி கேட்கும்போது கோடு வேறாக விழுகிறது. ஒரு குறிப்பிட்ட குழுவுக்குள் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மனிதருக்கும் ‘விச்’தான்: ‘விச் ஆஃப் யூ ரோட் திஸ்?’

11. வினைச்சொல்லின் பொருளும் வாசகரின் எதிர்பார்ப்பும்

ஒரே பாலினத்தவர் இருவர் வாக்கியத்தில் இருந்தால் ‘ஷீ’ யாரைச் சுட்டுகிறது என்பதை இலக்கணம் சொல்லாது. வாசகர் பெரும்பாலும் வினையின் பொருளை வைத்தே முடிவுக்கு வருகிறார். ‘கமலா பிரெய்ஸ்ட் மீனா பிகாஸ் ஷீ…’ என்றதும் பாராட்டுக்குரிய செயலைச் செய்தவர் மீனா என்றுதான் மனம் ஓடுகிறது. ‘கமலா அப்பாலஜைஸ்ட் டு மீனா பிகாஸ் ஷீ…’ என்றால் தவறு செய்தவர் கமலா என்று ஓடுகிறது. இரண்டு வாக்கியங்களின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே, ‘ஷீ’ சுட்டும் ஆள்தான் மாறிவிட்டார். காரணம் யாரிடம் இருக்கிறது என்பதை வினையே உள்ளடக்கியிருக்கும் இந்த இயல்பை கேத்தரின் கார்வியும் அல்ஃபோன்சோ கரமாஸாவும் 1974இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள்.

இதை எழுத்தில் பயன்படுத்துவது எளிது. ‘பிரெய்ஸ்’, ‘பனிஷ்’, ‘அட்மைர்’, ‘ஃபியர்’ ஆகியவற்றுக்குப் பின் வரும் காரணம் செயப்படுபொருளுடையதாக எதிர்பார்க்கப்படும். ‘அப்பாலஜைஸ்’, ‘கன்ஃபெஸ்’, ‘டிஸப்பாயின்ட்’, ‘ஃப்ரைட்டன்’ ஆகியவற்றுக்குப் பின் எழுவாயுடையதாக. நீங்கள் சொல்ல வந்தது இந்த எதிர்பார்ப்போடு ஒத்துப்போனால் பிரதிப்பெயர் போதும். மாறுபட்டால், கமலா தன் கடமை என்று எண்ணியே மீனாவைப் பாராட்டினார் என்பது போன்ற இடங்களில், ‘கமலா’ என்ற பெயரையே மீண்டும் எழுதுங்கள். ஒரே பெயர் அடுத்தடுத்து வந்தால் நடை கெடும் என்று அஞ்ச வேண்டாம்; வாசகர் திரும்பிப் போய் மறுபடி படிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

12. எழுதி முடித்தபின்

உடனே சரிபார்க்காமல் சற்று இடைவெளி விடுங்கள். எழுதிய சூட்டில் ஒவ்வொரு ‘இட்’டும் எதைக் குறிக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தே இருக்கும், குறை கண்ணில் படாது. பிறகு ‘இட்’, ‘தே’, ‘விச்’ ஆகிய மூன்றை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அதற்குரிய பெயர்ச்சொல்லுக்கு ஒரு கோடு இழுங்கள். ‘ஹீ’யிலும் ‘ஷீ’யிலும் பாலினப் பிழை இருந்தால் படிக்கும்போதே தட்டுப்படும், இம்மூன்றின் பிழைகள் வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கும். கோடு இரண்டு சொற்களுக்குப் போனால் பெயரை எழுதுங்கள். எந்தச் சொல்லுக்கும் போகாமல், முந்தைய வாக்கியம் முழுவதையும் நோக்கிப் போனால், ‘திஸ் டிலே’, ‘திஸ் டிசிஷன்’ என்பது போல ‘திஸ்’ உடன் பொருத்தமான ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.